கோட்டை ஸ்டேசனில் தள்ளுப்படாமல் வெளியே வர வழி உண்டா?

வாசகர் கேள்வி பதில்

நகரத்து ரயில்களில் அலுவலக நேரத்திலும் விழா நாள்களிலும் போய்வருவது பற்றிக் கேட்க ஏதும் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்கு யார் எழுதப் போகிறார்கள் என்று பார்த்தால் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் குவிந்துவிட்டது. நியாயம்தான், வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கொழும்பிலோ சென்னையிலோ லண்டனிலோ இருக்கிற ஊர் இது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

கேள்வி: டிசம்பர் 31 இரவு கொழும்பு காலிமுகத்திடலில் வாணவேடிக்கை பார்க்கப் போகிறோம், நான்கு பேர். வெள்ளவத்தையில்தான் அறை. ரயிலில் போய் ரயிலிலேயே வரலாமா?
(மாணவன், சாவகச்சேரி)

போகலாம் தம்பி, வரமுடியாது.

போவது ஏன் சுகம் என்றால், பின்னேரம் ஐந்து ஆறு மணிக்குக் கரையோரப் பாதையில் சனமெல்லாம் கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இருந்து தெற்கே, மொறட்டுவை, பாணந்துறைப் பக்கம் வீடு திரும்பும். நீங்கள் போவது அதற்கு எதிர்ப்பக்கம். எதிர் மேடையில் சனம் பிதுங்கிக்கொண்டு நிற்கும், உங்கள் வண்டியில் யன்னலோர இருக்கைகூடக் கிடைக்கலாம். கொள்ளுப்பிட்டியில் இறங்கினாலும் சரி, கொம்பனித்தெருவில் இறங்கினாலும் சரி, அங்கிருந்து நடை தூரம்தான். கோட்டை வரைக்கும் போகத் தேவையில்லை. அங்கே போனால் வெளியே வருகிற கேற்றிலேயே உங்கள் உற்சாகத்தில் பாதி போய்விடும்.

திரும்புவதுதான் பிரச்சினை. இரவு பத்து மணி தாண்டினாலே உள்ளூர் வண்டிகள் அநேகமாக ஓய்ந்துவிடும். வாணவேடிக்கை நள்ளிரவுக்கு. விசேட வண்டி விடுவதாக ரயில் திணைக்களம் முன்கூட்டியே அறிவித்தால் ஒழிய, ஸ்டேசனுக்குப் போய் நின்று பயனில்லை. காலி வீதியில் 100, 101 பஸ் இருக்கிறதே என்பீர்கள். அந்த இரவில் திடலைச் சுற்றிய வீதிகளைத் திருப்பிவிட்டால் பஸ் எங்கே நிற்கும் என்பது பஸ்காரருக்கே தெரியாது. ஓட்டோக்காரரோ ஆளைப் பார்த்து விலை சொல்வார், செயலியில் கூப்பிட்டால் அதுவும் அந்த நேரம் விலையை ஏற்றிவைத்திருக்கும். ஆகவே, திடலின் வாசலில் நின்று வாகனம் தேடாதீர்கள். எல்லோரும் தேடுவது அங்கேதான். தெற்கே நடக்கத் தொடங்குங்கள். கொள்ளுப்பிட்டிச் சந்தியைத் தாண்டினால் நெரிசல் குறையும், பம்பலப்பிட்டிக்கு வந்தால் ஓட்டோ நியாய விலைக்கு வரும். நான்கு பேர், இளந்தாரிகள், வெள்ளவத்தை மொத்தமாகவே ஐந்தாறு கிலோமீட்டர்தான், காலில் நல்ல செருப்பு இருந்தால் கதைத்துக்கொண்டே அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஒன்று, குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் இறங்கி நடக்கவேண்டாம். கடல் இரைச்சலில் பின்னால் வருகிற வண்டியின் சத்தம் கேட்காது. வெள்ளவத்தைப் பக்கம் இப்படிப் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

கேள்வி: எனக்கு 68 வயது. கண் பரிசோதனைக்காக இரவு ரயிலில் கொழும்பு போகிறேன். மகள் பம்பலப்பிட்டியில். விடியக் கோட்டையில் இறங்கினால் அலுவலகச் சனத்துக்குள் அகப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, கொக்குவில்)

அம்மா, முதலில் நீங்கள் ஏறுகிற வண்டி கோட்டையோடு நிற்கிறதா, கல்கிசை வரை போகிறதா என்று ரிக்கற் எடுக்கும்போதே கேளுங்கள். வடக்கில் இருந்து போகும் சில வண்டிகள் கல்கிசை வரை போகும். அப்படியானதில் இருந்தால் கோட்டையில் எல்லோரும் எழும்புகிறார்களே என்று நீங்களும் எழும்பவேண்டாம், பம்பலப்பிட்டியில் நிற்குமா என்று கார்ட்டிடம் கேட்டுவிட்டு இருந்த இடத்திலேயே இருங்கள்.

கோட்டையோடு நிற்கிற வண்டி என்றால், ஏழு மணிக்கு முன்னர் வந்து சேர்ந்துவிட்டால் கவலையில்லை. ஏழில் இருந்து எட்டரை வரைதான் மோசமான நேரம். கம்பஹா, ராகமை, நீர்கொழும்பு, பாணந்துறை, அவிசாவளை என்று எல்லாப் பக்கத்து அலுவலக வண்டிகளும் அந்த இடைவெளிக்குள்தான் வந்து கொட்டும். இன்னொரு விசயம், வடக்குப் பக்கத்துச் சனத்தில் ஒரு பகுதி கோட்டையில் இறங்காமல் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி அலுவலகங்களுக்கு அதே வண்டியில் போகும். அதனால் தெற்கே போகும் வண்டி காலையில் காலியாக இருக்கும் என்று யாரும் சொன்னால் அது வெள்ளவத்தைக்கு அப்பால்தான் உண்மை, உங்கள் மகளின் பம்பலப்பிட்டி வரைக்கும் இல்லை. ஒன்பது மணி மட்டும் பயணிகள் இருக்கிற இடத்தில் ஒரு பிளேன் ரீயோடு குந்தியிருங்கள். அல்லது மகளை வரச்சொல்லுங்கள். 68 வயதில் பை தூக்கிக்கொண்டு மேற்பாலம் ஏறி இறங்கவேண்டும் என்று யார் கட்டளை போட்டது?

கேள்வி: வெசாக் விடுமுறை நாளில் கொழும்புக்குத் தோரணம் பார்க்கப் போனோம். விடுமுறை என்றால் ரயில் வெறுமையாகத்தானே இருக்கவேண்டும்? கால் வைக்க இடமில்லை. வேலை நாளைவிட மோசம். ஏன்?
(வாசகர், நீர்வேலி)

ஏனென்றால் அது விடுமுறை. அலுவலக வண்டிகள் அலுவலகம் போகிறவர்களுக்காக விட்டவை. சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறைகளில் அவற்றில் பெரும்பாலானவை ஓடா. வேலை நாளில் பத்து வண்டியில் பிரிந்து போகிற சனத்தின் அளவு விழாவுக்கென்று திரண்டு, கிடைக்கிற இரண்டு மூன்று வண்டியில் ஏறப் பார்க்கும். தோரணமும் தன்சல் என்கிற இலவச உணவுப் பந்தலும் பார்க்க வருகிறவர்கள் குடும்பமாக, பிள்ளை குட்டியோடு வருவார்கள். அலுவலகச் சனமோ தனி ஆள், ஒரு பை, எந்தப் பெட்டி எந்தப் படிக்கு நேரே நிற்கும் என்பது வரை மனப்பாடம். அந்தச் சனம் எவ்வளவு நெருக்கினாலும் நகர்ந்துகொண்டே இருக்கும். விழாச் சனம் கதவடியில் நின்று "அம்மா ஏறிட்டாவா?" என்று திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு நிமிடத்தில் பின்னால் ஐம்பது பேர் நின்றுவிடுவார்கள். குற்றம் சொல்லவில்லை, நானும் குடும்பத்தோடு போனால் அப்படித்தான்.

இது கொழும்புக்கு மட்டும் உரிய கூத்தில்லை. 2024 ஒக்டோபர் 6ஆம் திகதி சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் வான் சாகசம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைக்குப் பக்கத்தால் போகிற வேளச்சேரிப் பறக்கும் ரயிலில் ஓடியது ஞாயிறு அட்டவணை. அதுவும் போதாதென்று, நான்காவது பாதை போடுகிற வேலைக்காகச் சிந்தாதிரிப்பேட்டைக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையில் அந்தப் பாதை அப்போது மூடிக் கிடந்தது. இலட்சக்கணக்கில் சனம். வேளச்சேரி மேடையில் இருந்து வரிசை படி வழியாகக் கீழே இறங்கி நின்றது. வெயிலிலும் நெரிசலிலும் அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். விழா நடத்துகிறவர்கள் ஒரு பக்கம், ரயில் விடுகிறவர்கள் இன்னொரு பக்கம், இருவரும் ஒரு மேசையில் இருந்து கதைக்காவிட்டால் அட்டவணையில் இருக்கிற "ஞாயிறு" என்ற ஒரு சொல் போதும், ஊரே தெருவில் நிற்பதற்கு.

ஆகவே அடுத்த வெசாக்குக்குப் போகமுன் அன்றைய விடுமுறை அட்டவணையைப் பாருங்கள். வேலை நாள் அட்டவணையைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டு "5.20க்கு ஒன்று இருக்குத்தானே" என்று நிற்கிறவர்கள் நிறையப்பேர். அந்த 5.20 வீட்டில் நித்திரை.

கேள்வி: கோட்டையில் வேலை, இரத்மலானையில் இருக்கிறேன். பின்னேர வண்டியில் இருக்கை என்பது கனவு. நிற்கிறதுகூடப் பரவாயில்லை, நெரிசலைச் சாட்டாக வைத்து உரசுகிறவர்களை என்ன செய்வது? கத்தினால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.
(வாசகி, மானிப்பாய்)

பிள்ளை, இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இருக்கைக்கு வழி இருக்கிறது. கோட்டையில் ஏறாதீர்கள். கரையோரப் பாதையில் போகிற பல வண்டிகள் மருதானையில்தான் புறப்படுகின்றன. கோட்டைக்கு வரும்போதே பாதி இருக்கை போயிருப்பது அதனால்தான். வேலை முடிந்ததும் எதிர்ப்பக்கம் போகும் ஏதாவது ஒரு வண்டியில் ஒரு தரிப்பு பின்னால் போய் மருதானையில் ஏறினால் கால் மணித்தியாலம் கூடச் செலவாகும், ஆனால் இருந்துகொண்டு போகலாம். சீசன் ரிக்கற் மருதானையில் இருந்து எடுத்திருக்கவேண்டும். கோட்டைச் சீசனோடு மருதானையில் அகப்பட்டால் நியாயம் கதைக்கமுடியாது. வண்டி எங்கேயிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பொல்காவலை, கம்பஹாப் பக்கம் இருந்து வருகிறதென்றால் மருதானைக்கே நிரம்பித்தான் வரும்.

மற்றது. ஐ.நா. சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வு ஒன்றில், பஸ்ஸிலும் ரயிலிலும் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். அதாவது அந்தப் பெட்டியில் கூட நிற்கிற பெண்களில் அநேகமாக எல்லோருக்கும் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியும். எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள் என்பது சரி. பார்க்கட்டும், அவனையும் பார்ப்பார்கள். நீண்ட வசனம் தேவையில்லை. "கையை எடுங்கோ" என்று மூன்றாம் ஆளுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னால் போதும், சிங்களத்தில் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை இருக்கிறது. இது பகிடிச் சட்டம் இல்லை. 1938 என்பது பெண்களுக்கான உதவி இலக்கம், கைபேசியில் போட்டு வையுங்கள். பையை முதுகில் இருந்து கழற்றி முன்னுக்குப் போட்டால் கைக்கும் பொக்கற்காரனுக்கும் சேர்த்துத் தடை. கதவடியை விட்டு உள்ளே நடுவுக்குப் போய், முடிந்தால் வேறு பெண்களுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அதற்காக, இதெல்லாம் செய்யாதபடியால்தான் நடந்தது என்று யாரும் சொல்ல வந்தால், அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

கேள்வி: படியில்தான் எனக்குப் பயம். மேற்பாலத்தில் சனம் இறங்கும்போது ஒருத்தர் தடுக்கினால் என்ன ஆகும்?
(வாசகர், பருத்தித்துறை)

சரியான இடத்தில் பயப்படுகிறீர்கள். ரயில் பயணத்தில் நெரிசல் உயிரை எடுத்த இடங்களைப் பார்த்தால் பெட்டிக்குள் நடந்ததைவிடப் படியிலும் மேற்பாலத்திலும் நடந்ததே அதிகம் கண்ணில் படுகிறது. 2017 செப்டெம்பர் 29, மும்பாய் எல்பின்ஸ்டன் ரோட் நிலையம். காலை அலுவலக நேரம், திடீர் மழை. இறங்கிய சனம் மழைக்கு மேற்பாலத்திலேயே ஒதுங்கி நின்றது, அடுத்தடுத்து வந்த வண்டிகள் மேலும் மேலும் ஆள்களைக் கொண்டுவந்து அதே பாலத்தில் ஏற்றின. 23 பேர் செத்துப்போனார்கள். யாரும் குண்டு வைக்கவில்லை, பாலம் உடையவில்லை. வெறும் மழை, ஒடுக்கமான படி.

2025 பெப்ரவரி 15 புதுடில்லி நிலையத்தில் வேறு விதம். கும்பமேளாவுக்குப் போகிற சனம். பிரயாக்ராஜ் என்று பெயர் தொடங்கும் வண்டிகள் ஒன்றுக்கு மேல், எது எந்த மேடை என்ற அறிவிப்பில் குழப்பம், தங்கள் வண்டி வேறு மேடைக்கு வருகிறது என்று நினைத்து ஆள்கள் படியில் பாய்ந்தார்கள். 18 பேர். மேடை மாற்றம் என்பது எங்கள் கோட்டையிலும் நடக்கிற காரியம்தான். ஒலிபெருக்கி கரகரக்கும், சனத்தில் பாதிக்கு விளங்காது, பாதி ஓடத் தொடங்கும், விளங்காத பாதி ஓடுகிற பாதியின் பின்னால் ஓடும்.

நீங்கள் செய்யக்கூடியது, வண்டி நின்றவுடன் படிக்கு முதல் ஆளாகப் போகாமல் இருப்பது. மேடையில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி மூன்று நான்கு நிமிடம் நில்லுங்கள். ஒரு வண்டிச் சனம் வடிய அவ்வளவு நேரம்தான் எடுக்கும். தூண் என்று சொல்வது காரணத்தோடுதான், நடுவில் நின்றால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். படியில் போகும்போது கைபிடிக் கம்பிப் பக்கம். செருப்புக் கழன்றால், கைபேசி விழுந்தால், குனியாதீர்கள். உண்மையாகவே நெருக்கத் தொடங்கிவிட்டால் இரண்டு முழங்கையையும் மடித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு இழுக்க அந்தச் சாண் இடம் வேண்டும். நெரிசலில் ஆள்கள் இறப்பது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, நெஞ்சு விரிய இடமில்லாமல்தான். எதிர்த்துத் தள்ளாமல் சனம் போகிற போக்கிலேயே போய், அசைவு கொஞ்சம் நிற்கிற நேரம் பார்த்துச் சரிவாக ஓரத்துக்கு நகருங்கள்.

அந்த வண்டி போய்விட்டால் அடுத்தது வரும். வராவிட்டால் பஸ்.

கேள்வி: பிரேமதாச மைதானத்தில் இரவு ஆட்டம் பார்க்க எந்த ஸ்டேசன்?
(வாசகர், கரவெட்டி)

மருதானை அல்லது தெமட்டகொடை, இரண்டில் இருந்தும் ஓட்டோ. போவதற்குத்தான் சொல்கிறேன். பகலிரவு ஆட்டம் முடியப் பத்தும் தாண்டும், கடைசி ஓவர் இழுபட்டால் இன்னும் பிந்தும், வண்டி உங்களுக்காக நிற்காது. கடைசி ரயிலை நம்பி கடைசி ஓவரைப் பாராமல் எழும்பி வருகிறவருக்கு ரிக்கற் காசு நட்டம், நம்பாமல் இருந்து பார்த்தவருக்கு ஓட்டோக் காசு நட்டம். இரண்டில் எது உங்களுக்கு நோகாதோ அதைச் செய்யுங்கள்.

கேள்வி: நல்லூர்த் தேருக்கும் சப்பறத்துக்கும் சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கம் இருந்து எத்தனை ஆயிரம் பேர் வருகிறோம். தண்டவாளம் வீட்டு வாசலில் கிடக்கிறது. காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் அன்றைக்காவது அரை மணிக்கு ஒரு ரயில் விட்டால் என்ன?
(வாசகர், சுன்னாகம்)

எனக்கும் இதே ஆதங்கம்தான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று சைக்கிள் தூரத்துக்கு ஒரு ஸ்டேசன். படத்தில் பார்த்தால் நகரத்து உள்ளூர் ரயிலுக்கென்றே போட்ட பாதை மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஓடுகிறவை அநேகமாகக் கொழும்புக்கும் அனுராதபுரத்துக்கும் போய்வருகிற வண்டிகள், அவற்றின் நேரம் அங்கேயுள்ள வசதிக்கு வைத்தது. காலையில் கந்தோருக்குப் போகிற ஆளுக்கும் பின்னேரம் கோயிலுக்குப் போகிற ஆளுக்கும் அது பொருந்தினால் அதிர்ஷ்டம்.

அரை மணிக்கு ஒன்று என்பது நினைத்தவுடன் நடக்காது. இது ஒற்றைப் பாதை. வருகிறதும் போகிறதும் ஒரே தண்டவாளத்தில். இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்தால், மாற்றுத் தண்டவாளம் இருக்கிற ஸ்டேசனில் ஒன்று ஒதுங்கி மற்றதற்கு வழிவிட்டுத்தான் போகமுடியும். கொழும்பு வண்டி ஒரு மணி நேரம் பிந்தினால் உள்ளூர் வண்டிகள் அத்தனையும் அதற்காகக் காத்துக் கிடக்கவேண்டும். ஆனாலும் ஒரேயொரு பவர் செட்டை, அதாவது தனி எஞ்சின் கொழுவாமல் தானே ஓடுகிற பெட்டித் தொடரை, விழா நாள்களில் இரண்டு முனைக்கும் இடையில் போகவரவே விட்டால், ஒரு வண்டிதானே, தனக்குத்தானே எதிரில் வராது. காலையில் தேருக்கு இரண்டு தரம், பின்னேரம் இரண்டு தரம். இவ்வளவுக்கு இரட்டைப் பாதை தேவையில்லை, யாராவது கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். கண்டிப் பெரஹராவுக்கு விசேட ரயில் விடுகிற நாட்டில் இது பெரிய கேள்வியும் இல்லை.

அதுவரைக்கும், இருக்கிற வண்டியில் வருகிறவர்கள் யாழ்ப்பாண ஸ்டேசனில் இறங்கினால் கோயில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனத்துக்குத் தடை, ஆகவே ஓட்டோ பிடித்தாலும் கடைசித் துண்டு நடைதான். ரயிலில் வந்து நடப்பது உண்மையில் மோட்டார் சைக்கிளில் வந்து நிறுத்த இடம் தேடுவதைவிடச் சுகம். காவலில்லாத கடவைகளில் மட்டும் கவனம். திருவிழா இரவில் லவுட்ஸ்பீக்கரும் மேளமும் சேர்ந்து கேட்கிற நேரம் ரயிலின் ஹோர்ன் எந்தப் பக்கம் என்று பிடிபடாது.

கொழும்பில் இருந்து தேருக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடி, கொடியில் இருந்து 24ஆம் நாள் தேர். இந்தக் கணக்குப் பஞ்சாங்கத்தில் வருடத் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்னர் திறக்கும். திறக்கிற அன்றே இருந்து பதியாமல், தேருக்கு முதல் கிழமை "அங்கிள், யாரையும் தெரியுமா?" என்று எனக்கு எடுக்கவேண்டாம். தெரியாது.

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குப் போகிறேன், வெம்பிளி ஈலிங் ரோட் பக்கம். அங்கே பெரிய மைதானம் இருக்கிறதாம், ஆட்டம் உள்ள நாளில் ரயிலில் வெளிக்கிடவே ஏலாது என்று பயமுறுத்துகிறான்.
(வாசகர், உரும்பிராய்)

மகன் பாதி உண்மை சொல்கிறார். வெம்பிளி மைதானத்தில் 90,000 பேர் இருக்கலாம், அதில் பெரும்பகுதி ஆட்டம் முடிந்ததும் வெம்பிளி பார்க் ஸ்டேசனைத்தான் பார்த்து வரும். அங்கே ஆனால் ஒரு நல்ல பழக்கம், சனத்தை ஸ்டேசனுக்குள் விட்டு நெருக்காமல் வெளியே அகலமான நடைபாதையிலேயே மறித்து, நில் போ என்று பகுதி பகுதியாக விடுவார்கள். பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் மேடையில் யாரும் நசிபடமாட்டார்கள். எங்கள் ஆள்கள் பார்த்துப் படிக்கவேண்டிய காரியம்.

உங்களுக்கு அந்த ஸ்டேசனே வேண்டாம். ஈலிங் ரோட்டின் தெற்கு முனையில் அல்பெர்ட்டன் என்று ஒரு ஸ்டேசன் இருக்கிறது, பிக்கடில்லிப் பாதை. மைதானத்துச் சனம் அங்கே அவ்வளவாக வராது. ஹீத்ரோவில் இறங்கினாலும் அதே பிக்கடில்லியில் ஏறி அக்ரன் ரவுனில் மாறினால் அல்பெர்ட்டனுக்கு வந்துவிடலாம், மத்திய லண்டனுக்குள் போகவே தேவையில்லை. வேலை நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் பின்னேரம் 4 முதல் 7 வரையும் கட்டணம் கூட. ஓய்வில் இருக்கிற நீங்கள் அந்த நேரம் பார்த்தா வெளிக்கிடவேண்டும்? ஏறும்போது தட்டிய அட்டையை இறங்கும்போதும் தட்டுங்கள், மறந்தால் கூடக் காசு வெட்டும். ஓகஸ்ட் கடைசியில் நொட்டிங் ஹில் கார்னிவல் பார்க்கப் போகிற எண்ணம் இருந்தால், அந்த இரண்டு நாளும் லட்புரோக் குரோவ் ஸ்டேசனைப் பூட்டியே விடுவார்கள், ஆகவே முதலே பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மிதிபலகையில் நின்று போவதில் என்ன பிழை? காற்று வரும், இறங்கவும் சுகம்.
(மாணவன், கோண்டாவில்)

கம்பத்துக்கும் உங்கள் தலைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாதை போட்டவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நெரிசலில் வேறு வழியில்லாமல் கதவடியில் நிற்க நேர்ந்தால் முகத்தை உள்ளே திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து நில்லுங்கள். கைபேசி பொக்கற்றுக்குள். காற்று வேண்டுமென்றால் கீரிமலைக்குப் போங்கள், எவ்வளவும் வரும்.

கேள்வி: மகளுக்கு மாம்பழம், முருங்கைக்காய், ஒடியல், கருவாடு எல்லாம் கொண்டுபோகவேண்டும். கோட்டையில் இருந்து அலுவலக வண்டியில் ஏற்றலாமா?
(வாசகி, அளவெட்டி)

ஏற்றலாம், ஆனால் மாம்பழம் சாறாகத்தான் போய்ச் சேரும். பெரிய பெட்டி ஒன்றைவிடச் சின்னப் பை இரண்டு நல்லது, ஒன்றைக் காலுக்கு நடுவில் வைக்கலாம், மற்றதை மடியில். முருங்கைக்காயை நீளத்துக்கு விடாமல் வெட்டிக் கட்டுங்கள், பின்னால் நிற்கிற ஆளின் கண்ணும் கண்தான். கருவாட்டை மூன்று பொலித்தீனில் சுற்றி ஒரு மூடி போட்ட வாளிக்குள் வையுங்கள். அப்படியும் மணத்தால், பத்து மணிக்குப் பிறகு வண்டி எடுங்கள், பெட்டியில் உங்களைச் சுற்றி நல்ல இடம் இருக்கும்.